ஐஸில் குளிரவைத்து ஹீட்டரில் சுடவைக்கும் காற்று: ஆக்டேன் சோதனை எஞ்சினுக்குள் நடப்பது

பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 என்றும் 95 என்றும் சொல்கிறோமே, அது ஏதோ சோதனைக்குழாயில் சொட்டு விட்டு, நிறம் பார்த்துக் கண்டுபிடிக்கிற எண் இல்லை. நிஜமான ஒரு எஞ்சினில் அந்தப் பெட்ரோலை ஊற்றி ஓட்டி, அது எவ்வளவு தட்டுகிறது என்று அளந்துதான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். அந்த எஞ்சினுக்குப் பெயர் சி.எஃப்.ஆர். (கோஆப்பரேட்டிவ் ஃப்யூயல் ரிசர்ச்) எஞ்சின். அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருந்த வாகேஷா மோட்டார் கம்பெனி 1928 இறுதியில் கட்டியது. இன்றைக்கும் உலகம் முழுக்க சுத்திகரிப்பு ஆலைகளின் ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருப்பது அடிப்படையில் அதே வடிவமைப்புதான்: ஒரே ஒரு சிலிண்டர், 611 சிசி, ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்த விகிதத்தை 4:1-லிருந்து 18:1 வரை ஏற்றி இறக்க முடிகிற, வார்ப்பிரும்பில் செய்த கனமான ஒரு யந்திரம்.

இந்த எஞ்சினுக்குக் காற்று போகிற வழியைப் பார்த்தால் முதலில் ஒன்றுமே புரியாது. அறைக் காற்றை எடுத்து, பனிக்கட்டி நிறைந்த ஒரு கோபுரத்தின் வழியாக விட்டு, கிட்டத்தட்ட பூஜ்ஜியம் டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். அடுத்த இரண்டடி தூரத்தில் ஒரு மின் ஹீட்டர். அதே காற்றை 52 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி எஞ்சினுக்குள் விடுகிறார்கள். முப்பது டிகிரியில் இருக்கிற காற்றை 52-க்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் நேரே சூடாக்கிவிட்டுப் போக வேண்டியதுதானே, நடுவில் எதற்கு ஐஸ்?

ஐஸ் குளிர்ச்சிக்காக இல்லை. காற்றில் இருக்கிற தண்ணீருக்காக. அந்தத் தண்ணீரை ஒரு குறிப்பிட்ட அளவில் கட்டி நிறுத்துவதற்கான சாதனம்தான் குளிர்ச்சி, வேலை முடிந்ததும் அந்தக் குளிர்ச்சியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். கடலோர ஊர்களில் இருக்கிற நமக்கு இது வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தட்டுவது என்றால் என்ன. ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுந்ததும் நெருப்பு ஒரு பக்கத்திலிருந்து பரவி வரும். அது இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை, அழுத்தமும் சூடும் ஏறிக்கொண்டே போவதால், நெருப்பு வருவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொண்டால், அந்த அதிர்ச்சிதான் நமக்கு வெளியே உலோகம் தட்டுகிற சத்தமாகக் கேட்கிறது. நாக்கிங் என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். இதைத் தாங்குகிற திறனுக்கு அளவுகோல் வேண்டுமென்று 1926-ல் எத்தில் கார்ப்பரேஷனில் இருந்த கிரஹாம் எட்கர் இரண்டு திரவங்களை முன்வைத்தார்: நன்றாகத் தாங்குகிற ஐசோ-ஆக்டேன், அதற்கு 100, சீக்கிரமே தட்ட ஆரம்பிக்கிற ஹெப்டேன், அதற்கு 0. நம் பெட்ரோல், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எப்படித் தட்டுகிறதோ அதே அளவுக்குத் தட்டினால், அதன் ஆக்டேன் எண் 91. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் தட்டுவது எரிபொருளை மட்டும் பொறுத்ததில்லையே. உள்ளே போகிற காற்று எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், அதில் எவ்வளவு நீராவி, இதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அதனால்தான் ஏ.எஸ்.டி.எம். என்கிற அமெரிக்க அமைப்பின் தரநிர்ணயம் எல்லாவற்றையும் கட்டிப்போடுகிறது. சோதனை இரண்டு வகை. ரிசர்ச் முறை என்கிற டி2699-ல் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று, பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 13 டிகிரி சுழற்சிக்கு முன்னால் பொறி, காற்று இயல்பான கடல்மட்ட அழுத்தத்தில் 52 டிகிரி. மோட்டார் முறை டி2700-ல் 900 சுற்று, காற்று 38 டிகிரி, அப்புறம் பெட்ரோல் கலந்த பிறகு அந்தக் கலவையையே 149 டிகிரிக்குச் சூடாக்குவது. இரண்டு முறைக்கும் ஒரு விதி பொது: ஒரு கிலோ உலர்ந்த காற்றுக்கு நீராவி 3.56 கிராமுக்குக் குறையவும் கூடாது, 7.12 கிராமுக்கு மேல் போகவும் கூடாது.

இந்த எண்கள் வினோதமாக இருக்கின்றனவே என்றால், பழைய அமெரிக்க அளவில் ஒரு பவுண்டுக்கு 25-லிருந்து 50 கிரெயின் (பழைய சிறு எடை அளவு) என்று வைத்ததை மெட்ரிக்கில் மாற்றியதால் வந்தவை. ஆனால் எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்ததற்குக் காரணம் வேறு. கடல்மட்டத்தில் பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கிற காற்று, தன்னால் முடிந்த மட்டும் நீராவியைச் சுமந்தால் எவ்வளவு சுமக்கும் தெரியுமா? கிலோவுக்கு சுமார் 3.8 கிராம். ஒன்பது டிகிரியில் கிட்டத்தட்ட 7.1 கிராம். அதாவது உருகிக்கொண்டிருக்கிற ஐஸை நன்றாகத் தொட்டுவிட்டு வருகிற காற்று, பூஜ்ஜியத்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் எங்கே வெளியே வந்தாலும், தானாகவே விதிக்குள் அடங்கிவிடும். ஈரத்தை அளக்கும் ஹைக்ரோமீட்டர் கூட வேண்டாம். கோபுரத்திலிருந்து வெளியே வருகிற இடத்தில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரைச் செருகினால் போதும். அந்தக் காற்று நீராவியால் நிறைந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும், எனவே அதன் வெப்பநிலையே அதன் ஈரத்தைச் சொல்லிவிடுகிறது. ஐஸும் தெர்மாமீட்டரும் உலகத்தில் எந்த ஊரிலும் கிடைக்கும். ஒரு தரநிர்ணயம் உலகம் முழுக்க ஒரே மாதிரி ஓட வேண்டுமென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, நீராவி அப்படி என்ன செய்துவிடுகிறது? சென்னையில் ஒரு சாதாரண மதியத்தை எடுத்துக்கொள்வோம், 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். கணக்குப் போட்டால் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 22.7 கிராம் நீராவி. பருமனில் பார்த்தால் காற்றில் மூன்றரை சதவீதம் தண்ணீர் உட்கார்ந்துகொள்கிறது, அந்த அளவுக்கு ஆக்சிஜன் வெளியே தள்ளப்படுகிறது. 21 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்த ஆக்சிஜன் 20.2-க்கு வந்துவிடும். எரிகிற வேகம் குறையும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நீராவியைச் சூடாக்க காற்றை விடக் கிட்டத்தட்ட இரு மடங்கு வெப்பம் வேண்டும். பிஸ்டன் மேலே ஏறி அழுத்தும்போது ஈரமான கலவை அந்த வெப்பத்தை உள்வாங்கிக்கொண்டு, உலர்ந்த கலவை ஏறுகிற அளவுக்குச் சூடேறாமல் நிற்கிறது. மூலையில் காத்திருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்வதற்கு இன்னும் நேரம் எடுக்கிறது. ஆக, ஈரம் தட்டுவதைக் குறைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் போர் விமான எஞ்சின்களுக்குள் தண்ணீரும் மெத்தனாலும் தெளித்துப் பறந்ததில் தண்ணீரின் பங்கு ஓரளவுக்கு இதே கதைதான், அங்கே திரவம் ஆவியாகிக் குளிர்விப்பதும் சேர்ந்துகொள்கிறது.

எவ்வளவு குறைக்கிறது என்றால், கார்களில் பார்த்தது இது: காற்றில் ஒரு கிராம் நீராவி கூடினால் எஞ்சின் கேட்கிற ஆக்டேன் சுமார் கால் எண் குறைகிறது. விதி சொல்கிற ஐந்து கிராமுக்கும் சென்னையின் 22 கிராமுக்கும் உள்ள வித்தியாசத்தை இதில் பெருக்கிப் பாருங்கள், நான்கு ஆக்டேன் எண்ணுக்கு மேல் வருகிறது. மழைக்கால இரவில் வண்டி தட்டாமல் மிருதுவாகப் போகிறது என்று பலர் சொல்வதில் உண்மை இருக்கிறது.

இங்கே விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், அது நியாயமான கேள்வி. ஆக்டேன் சோதனை என்பதே ஒப்பீடுதானே? நம் பெட்ரோலும், ஐசோ-ஆக்டேன் ஹெப்டேன் கலவையும், ஒன்றன்பின் ஒன்றாக அதே எஞ்சினில், அதே காற்றில்தான் ஓடுகின்றன. ஈரம் இரண்டையும் ஒரே மாதிரி மட்டுப்படுத்தினால் வித்தியாசம் அப்படியே இருக்குமே, ஈரத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

ஒரே மாதிரி மட்டுப்படுத்தினால் கவலை இல்லைதான். ஆனால் படுத்துவதில்லை. ஐசோ-ஆக்டேனும் ஹெப்டேனும் பாரஃபின் வகை; அவற்றுக்கு ரிசர்ச் முறையிலும் மோட்டார் முறையிலும் ஒரே எண்தான், அளவுகோலே அவைதான் என்பதால். நிஜப் பெட்ரோல் அப்படியில்லை. அதில் டோலுவீன் போன்ற அரோமாட்டிக்குகள், ஒலிஃபின்கள் என்கிற வேறு வகை ஹைட்ரோகார்பன்கள், இப்போது எத்தனால் எல்லாம் இருக்கின்றன. இவை சூட்டுக்குச் சட்டென்று அசைகிறவை. எத்தனாலை எடுத்துக்கொண்டால் ரிசர்ச் எண் 109-க்கு அருகில், மோட்டார் எண் 90-க்கு அருகில். எஞ்சினின் நிலைமையை மாற்றினாலே 19 எண் ஆடுகிறது. கலவையின் உள்சூட்டை ஈரம் மாற்றும்போது, அளவுகோல் திரவம் ஒரு அளவுக்கு நகர்கிறது, சோதனைக்கு வந்த பெட்ரோல் வேறு அளவுக்கு நகர்கிறது. அந்த வித்தியாசம் நேராக ஆக்டேன் எண்ணில் வந்து உட்கார்ந்துவிடும். அது மட்டுமில்லை, ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் வெளியே மழை பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒரே காற்றில் ஓடியதாகவே சொல்ல முடியாது.

இதில் எவ்வளவு நுணுக்கம் எதிர்பார்க்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 90-க்கும் 100-க்கும் இடைப்பட்ட பெட்ரோலை ஒரே ஆய்வகத்தில், ஒரே ஆள், ஒரே எஞ்சினில் இரண்டு முறை சோதித்தால் வித்தியாசம் 0.2-க்குள் இருக்க வேண்டும். வேறு வேறு ஆய்வகங்கள் என்றால் 0.7 வரை. சுத்திகரிப்பு ஆலைக்கு 0.1 ஆக்டேன் கூட காசுதான். 91 கேட்கிற இடத்தில் 91.4 கொடுத்தால் விலையுயர்ந்த கலவைப்பொருள் வீணாகிறது, 90.8 வந்துவிட்டால் டேங்க் முழுக்கத் திரும்பிக் கலக்க வேண்டும். அவ்வளவு காசு அசைகிற எண்ணுக்குப் பின்னால் ஒரு ஐஸ் கோபுரம் நிற்கிறது.

கோபுரத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். இன்சுலேஷன் சுற்றிய உயரமான ஒரு உலோக உருளை. உள்ளே உடைத்த ஐஸ். அறைக் காற்று ஐஸின் இடுக்குகள் வழியாகப் போய் வெளியேறுகிறது. உருகிய தண்ணீர் அடியில் சேர்ந்து ஒரு வளைகுழாய் வழியாக வடிகிறது. அந்த வளைகுழாயில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் அதன் வழியாகவே ஐஸைத் தொடாத காற்றை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சின் 600 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு ஐந்து முறை மூச்சு இழுக்கிறது, நடுவில் ஒரு காலி அறை வைத்து அந்தத் துடிப்பைச் சமன் செய்கிறார்கள்.

ஐஸை எந்த அளவுக்கு உடைப்பது என்பதிலேயே வேலைத்திறன் இருக்கிறது. பெரிய கட்டிகளாகப் போட்டால் காற்று ஐஸின் மேல் படாமல் சந்துகளில் ஓடி வந்துவிடும். பொடியாகப் போட்டால் அடைத்துக்கொண்டு காற்று வருவது தடைப்படும். உறிஞ்சுவதற்கு எஞ்சின் சிரமப்பட்டால் சிலிண்டருக்குள் நிறைகிற காற்றின் அளவே குறையும், தட்டுவதும் மாறிவிடும். ஓடி ஓடி ஐஸ் உருகும்போது நடுவில் குகை மாதிரி வெற்றிடம் விழும், மேலே பார்த்தால் நிறைந்திருப்பது போலவே தெரியும், ஆனால் காற்று அந்தக் குகை வழியே சுலபமாகப் போய்க்கொண்டிருக்கும். ஒரு கம்பியால் குத்திவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். வெளியேறும் தெர்மாமீட்டர் மெல்ல ஏறுவதைக் கவனிக்கிறவர் இதைச் சீக்கிரம் பிடித்துவிடுவார்.

எவ்வளவு ஐஸ் செலவாகும் என்று நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், விவரம் சுவாரசியமானது. எஞ்சின் மணிக்குச் சுமார் 11 கிலோ காற்று இழுக்கிறது. மேலே சொன்ன சென்னை மதியக் காற்றை இரண்டு டிகிரிக்குக் கொண்டுவர கிலோவுக்குச் சுமார் 77 கிலோஜூல் எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் உள்வாங்கும். ஆக மணிக்கு இரண்டரை கிலோ ஐஸ், எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 20 கிலோ, சுவர் வழியாகக் கசிகிற சூட்டைச் சேர்க்காமலே. அந்த 77-ல் கிட்டத்தட்ட 60 சதவீதம் காற்றைக் குளிர்விக்கப் போவதில்லை, நீராவியைத் தண்ணீராக்குவதற்கே போய்விடுகிறது. மணிக்கு 200 கிராம் தண்ணீர் காற்றிலிருந்து பிரிந்து வடிகிறது. ஷிஃப்ட் முடிவில் வளைகுழாயிலிருந்து வடிந்த தண்ணீரில் ஒன்றரை லிட்டருக்கு மேல் காற்று தந்தது, ஐஸ் தந்தது இல்லை. அதே எஞ்சின் 22 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள அறையில் இருந்தால் மணிக்கு ஒரு கிலோ ஐஸே போதும்.

குளிர்ந்த பிறகு 52-க்கு ஏற்றுவதற்கு 150 வாட் போதும், பழைய பல்பு ஒன்றிரண்டு எரிகிற மின்சாரம். இப்படிச் சூடாக்குவதால் காற்றில் உள்ள தண்ணீரின் எடை மாறுவதில்லை, இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. 52 டிகிரியில் அந்தக் காற்றின் ஈரப்பதம் ஐந்து சதவீதம் என்று கருவி காட்டும். அது ஒப்பு ஈரப்பதம். தரநிர்ணயம் கேட்பது ஒரு கிலோ காற்றுக்கு எத்தனை கிராம் என்பதை. சூடாக்கியதும் ஒப்பு ஈரப்பதம் சரிந்துவிடும், கிராம் கணக்கு அப்படியே இருக்கும்.

அறைக்கு ஏசி போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. 24 டிகிரி, 55 சதவீதம் என்று சுகமாக இருக்கும் அறையில் கூடக் கிலோவுக்கு 10 கிராம் நீராவி இருக்கிறது, வரம்பு 7.12. ஏசியின் காயிலிலிருந்து 12 டிகிரியில் வெளியே வருகிற காற்றே 8.7 கிராம் சுமக்கும். அதுவும் பெட்ரோல் ஆவி வெளியேற வேண்டும் என்பதற்காக இந்த ஆய்வகங்களில் வெளிக்காற்றை விடாமல் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஏசி உதவும், ஐஸின் வேலையை அது செய்யாது.

உலர்த்துவதுதான் நோக்கமென்றால் சிலிக்கா ஜெல்லில் விட்டு ஒரேயடியாக உலர்த்திவிடலாமே என்றும் தோன்றும். அங்கேதான் கீழ் வரம்பு குறுக்கே வருகிறது. 3.56-க்குக் கீழே போனாலும் தவறுதான், அதிகமாக உலர்ந்த காற்றில் எஞ்சின் அதிகமாகத் தட்டும். இன்னும் குளிரட்டும் என்று ஐஸில் உப்பைத் தூவினால் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய் அதே தவறு நடக்கும். இதற்கு நேர்மாறான நிலைமை குளிர்நாடுகளில். விஸ்கான்சினில் ஜனவரியில் வெளியே மைனஸ் 15 டிகிரி என்றால் அந்தக் காற்றில் கிலோவுக்கு ஒரு கிராம் நீராவிதான் இருக்கும், அதை அறைக்குள் கொண்டுவந்து சூடேற்றினாலும் தண்ணீர் எங்கிருந்தும் வந்துவிடாது. அந்தக் காற்று உருகும் ஐஸ் வழியாகப் போகும்போது ஐஸின் மேலிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டு நாலு கிராமுக்கு அருகில் வெளியேறும். அதே கோபுரம் சென்னையில் தண்ணீரைப் பிடுங்குகிறது, அங்கே தண்ணீரைக் கொடுக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் சரிக்கட்டுகிற எளிமை குளிர்பதன காயிலுக்குக் கிடையாது, காயில் எடுக்க மட்டும்தான் செய்யும், கொடுக்க வேண்டுமென்றால் தனியாக ஒரு ஈரமூட்டி வைக்க வேண்டும்.

இருந்தாலும் பல ஆய்வகங்கள் குளிர்பதன முறைக்கு மாறிவிட்டன, ஐஸை உடைத்துக்கொண்டே இருக்க யாருக்கு நேரம்? சில்லென்ற தண்ணீர் சொம்பின் மேல் வியர்க்கிற அதே விஷயத்தைத்தான் காயில் செய்கிறது. வேண்டிய குளிர்ச்சி நம் கணக்குப்படி 240 வாட் அளவுக்குத்தான், வீட்டு ஒரு டன் ஏசியில் பதினைந்தில் ஒரு பங்கு. சிக்கல் அளவில் இல்லை, கட்டுப்பாட்டில் இருக்கிறது. காயில் பரப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கினால் உறைபனி படிந்து காற்று போகும் வழியை மெல்ல அடைத்துவிடும், ஓட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கும்போதே எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். மேலே வைத்தால் வரம்பைத் தாண்டும். வெளியேறும் காற்றை ஐந்து டிகிரி சுமாருக்கு வைத்துக்கொண்டால் நீராவி 5.4 கிராம் வரும், வரம்பின் நட்டநடுவில். இரண்டு பக்கமும் ஏற இறங்க இடம் இருக்கும், அதுவே நல்ல இடம்.

தெர்மாமீட்டரை நம்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். காற்று வேகமாகப் போகிற இடத்தில் மிக நுண்ணிய நீர்த்துளிகள் காற்றோடு சேர்ந்து வந்துவிடும். தெர்மாமீட்டர் நாலு டிகிரி என்று காட்டும், நாம் ஐந்து கிராம் என்று நினைத்துக்கொள்வோம். அந்தத் துளிகள் ஹீட்டரில் போய் ஆவியானதும் எஞ்சினுக்குள் ஏழோ எட்டோ கிராமாகப் போய்ச் சேரும். அதனால் ஐஸுக்கும் ஹீட்டருக்கும் இடையில் துளிகளைப் பிடித்து நிறுத்துகிற ஒரு வலையோ ஒரு வளைவோ இருப்பது நல்லது. சந்தேகம் வந்தால் ஹீட்டருக்குப் பிறகு பனிநிலையை, அதாவது எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அந்தக் காற்றிலிருந்து தண்ணீர் பிரியத் தொடங்கும் என்பதை, அளந்து பார்த்துவிடுவதே மேல்.

குழாய் இணைப்புகளில் கசிவுதான் எனக்கு இந்த அமைப்பில் மிகவும் முக்கியமாகப் படுகிற விஷயம். எஞ்சின் உறிஞ்சுவதால் குழாய்க்குள் அழுத்தம் அறையை விடக் கொஞ்சம் குறைவு, எனவே கசிவு உள்ளே நோக்கித்தான், வெளியே எதுவும் தெரியாது, சத்தமும் வராது. 4.4 கிராம் உள்ள காற்று கோபுரத்திலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அறைக் காற்று, மேலே சொன்ன 22 டிகிரி அறையைப் போல, 8.2 கிராம் என்றால், மொத்தக் காற்றில் பத்தில் ஏழு பங்கு கசிவாக வந்தாலும் வரம்பைத் தாண்டாது. சென்னைக் காற்று நேராகப் புகுந்தால் ஆறில் ஒரு பங்கு கசிந்தாலே தாண்டிவிடும். கெட்டுப்போன ஒரு ரப்பர் இணைப்பு மிதமான தட்பவெப்ப ஊரில் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் இருந்துவிடும், நம் ஊரில் அதே இணைப்பு சோதனை முடிவையே மாற்றிவிடும். மணலி, கொச்சி, மங்களூர், விசாகப்பட்டினம், ஜாம்நகர் என்று நம் பெரிய சுத்திகரிப்பு ஆலைகளில் பல கடலோரம்தான் இருக்கின்றன. சென்னையில் ஜனவரியில் கூடக் கிலோவுக்கு 14, 15 கிராம் நீராவி இருப்பது சகஜம், எனவே உலர்த்தும் கருவிக்கு இங்கே லீவே கிடையாது. வடக்கே பானிபட் பக்கம் குளிர்காலத்தில் 10 டிகிரி, 70 சதவீதம் என்றால் காற்று ஐந்தேகால் கிராமில் தானாகவே விதிக்குள் இருக்கும்.

ஈரத்தோடு கூட அழுத்தத்தையும் பார்க்க வேண்டும், இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசர்ச் முறையில் 52 டிகிரி என்பது இயல்பான கடல்மட்ட அழுத்தத்துக்குத்தான். அழுத்தம் குறைந்தால் இன்டேக் காற்றின் சூட்டையும் அட்டவணை பார்த்துக் குறைக்க வேண்டும், உயரமான இடத்தில் உள்ள ஆய்வகங்களில் 52 என்பது வெகுவாக இறங்கிவிடும். வங்கக்கடலில் புயல் சின்னம் சென்னைக்குப் பக்கத்தில் நிற்கிற நாளிலும் பாரோமீட்டரைப் பார்த்துச் சில டிகிரி மாற்ற வேண்டியிருக்கும். மோட்டார் முறையில் இதைக் காற்றின் சூட்டால் செய்வதில்லை, கடல்மட்டத்திலிருந்து உயரம் 500 மீட்டரைத் தாண்டினால் கார்புரேட்டரில் காற்று போகிற குறுகிய கழுத்தான வெஞ்சுரியைப் பெரிதாக மாற்றுகிறார்கள், 1000-ஐத் தாண்டினால் இன்னும் பெரிதாக.

எஞ்சின் சரியாக இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதற்கு எண் தெரிந்த டோலுவீன் கலவைகள் இருக்கின்றன. 74 சதவீதம் டோலுவீனும் 26 சதவீதம் ஹெப்டேனும் கலந்தால் ரிசர்ச் எண் 93.4 வர வேண்டும். வராவிட்டால் இன்டேக் காற்றின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி, எண் வருகிற இடத்தில் நிறுத்திக்கொள்ள ரிசர்ச் முறையில் அனுமதி உண்டு. இது நல்ல ஏற்பாடுதான், ஆனால் இதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. ஈரம் வரம்பு மீறி உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டோலுவீன் கலவையின் எண் தள்ளிப்போகும், ஆபரேட்டர் சூட்டை மாற்றி 93.4-க்குக் கொண்டுவந்துவிடுவார், நோட்டில் எல்லாம் சரி என்று பதிவாகும். ஈரத்தால் வந்த பிழையைச் சூட்டால் மூடியாகிவிட்டது. டோலுவீனுக்கு இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்திருக்கலாம், எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் அதே அளவில் சமன் செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. எனவே சூட்டைத் தொடுவதற்கு முன் ஐஸையும் வளைகுழாயையும் இணைப்புகளையும் பார்த்துவிட வேண்டும். எப்போதும் இரண்டு டிகிரி மாற்றினாலே சரியாகிற எஞ்சின் திடீரென்று பத்து டிகிரி கேட்டால், அது எஞ்சினின் குறை என்பதை விடக் காற்றின் குறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைப்பேன்.

எத்தனால் விஷயம் நம் நாட்டில் இப்போது இன்னும் முக்கியம். எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலை விட நிறைய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ரிசர்ச் முறையில் 52 டிகிரிக் காற்றோடு கலந்த பிறகு கலவையை மறுபடி யாரும் சூடாக்குவதில்லை, அதனால் அந்தக் குளிர்ச்சி அப்படியே சிலிண்டருக்குள் போய் எண்ணை உயர்த்துகிறது. மோட்டார் முறையில் 149 டிகிரிக்குச் சூடாக்கும்போது அந்தச் சலுகை போய்விடுகிறது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைச் சோதிக்கும் ஆய்வகத்துக்கு இன்டேக் காற்றின் சூடும் ஈரமும் முன்னை விட அதிகமாகக் கை வைக்கிற விஷயங்கள்.

இப்போதெல்லாம் ஆலைகளில் கலக்கும் குழாயிலேயே அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி நிமிடத்துக்கு நிமிடம் ஆக்டேனைக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன, இனி எதற்கு இந்தப் பழைய எஞ்சின் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் கருவிக்கு ஆக்டேன் என்றால் என்னவென்று தெரியாது. இந்த ஒளிக்கோலத்துக்கு இந்த எண் என்று சி.எஃப்.ஆர். எஞ்சின் சொல்லிக்கொடுத்த நூற்றுக்கணக்கான மாதிரிகளிலிருந்துதான் அது கற்றுக்கொள்கிறது. அந்த மாதிரிகளில் பாதி நவம்பர் மழையில், உலர்த்தும் கருவி திணறிக்கொண்டிருந்த வாரங்களில் ஓடியவையாக இருந்தால், அந்த வாரங்களின் ஈரமும் சேர்ந்தே கருவிக்குள் போய்விடும். அப்புறம் மே மாதத்தில் எண் ஏன் 0.3 தள்ளி வருகிறது என்று ஒளிக்கருவியைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கருவிக்குக் கற்றுக்கொடுக்கப் பயன்படுத்தும் ஒவ்வொரு மாதிரிக்கும் அன்றைய இன்டேக் காற்றின் பனிநிலையையும் பக்கத்திலேயே பதிந்து வைத்தால், இந்தத் தேடலைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.